ஒட்டியதும் ஒட்டாததும்



எங்கள் தோட்டத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சம்பவத்தோடு இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். நான்காம் ஆண்டில் என்னிடம் படித்த ஒரு பையனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் கிளினிக்கில் இரத்தம் எடுத்து, டிங்கி சோதனை அட்டையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்கள். அன்று மாலை பையனின் தாயார் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்.

"சார், ஒரு கோடுதான் விழுந்திச்சு. ரெண்டு கோடு விழுந்தாதான் டிங்கியாம். நாளைக்கு மறுபடியும் ரத்தம் எடுக்க வரச் சொன்னாங்க. இல்லேன்னு தெரிஞ்ச பிறகு ஒரு நாள் வேலையை விட்டுட்டுப் போகணுமா சார்?"

நான் மருத்துவன் அல்லன். ஆயினும் வாத்தியார் என்ற முறையில் என் வாயிலிருந்து ஒரு பதில் வந்துவிட்டது. "ஒரு கோடுதானே அம்மா, பயமில்லை" என்றேன்.

மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. வீட்டார் மகிழ்ந்தார்கள். நண்பகலில் பையனுக்குக் கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி. உடம்பு துவண்டு கிடந்தான். தோட்டத்து டிரெசர் பார்த்தவுடனே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார். அது டிங்கிதான். பையன் பிழைத்துக்கொண்டான். இப்போது ஆறாம் ஆண்டில் இருக்கிறான், பந்து விளையாடுகிறான். ஆனால் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

டிரெசரிடம் கேட்டேன்: "அந்த அட்டை ஏன் பொய் சொல்லியது?" அவர் சொன்னார்: "அட்டை பொய் சொல்லவில்லை சார். பையனுக்கு முன்னமே ஒரு தடவை டிங்கி வந்திருக்கிறது. அதுதான் காரணம்."

முன்பு வந்த காய்ச்சலுக்கும் இன்று விழாத கோட்டுக்கும் என்ன தொடர்பு? இதை அறிய நான் படிக்கத் தொடங்கினேன். உடலில் உள்ள நுண்பொருள்கள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டுகின்றன, அந்த ஒட்டுதலை ஆய்வுக்கூடத்தில் எப்படி அளக்கிறார்கள் என்ற பெரிய கதைக்குள் அது என்னைக் கொண்டுபோய்விட்டது. அக்கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம் உடல் புரதங்கள் முதலிய எண்ணற்ற மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு. ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் பொருந்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பொருந்தாவிட்டால் உரசிக்கொண்டு விலகிவிடும். 1894ஆம் ஆண்டில் ஜெர்மன் நாட்டு அறிஞர் எமில் ஃபிஷர் இதைப் பூட்டும் சாவியும் போல என்று விளக்கினார். நோய்க்கிருமி உடலுக்குள் புகுந்தால் உடல் எதிர்ப்பொருள் என்ற புரதங்களை உண்டாக்குகிறது. அவையும் இப்படித்தான் வேலை செய்கின்றன. கிருமியின் ஒரு பகுதிக்குப் பொருந்தும் வடிவில் அமைந்து, அதைப் பிடித்துக்கொள்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத இந்த ஒட்டுதலை மனிதன் எப்படிக் கண்டான்? வியன்னா நகரில் கார்ல் லான்ஸ்டைனர் என்ற மருத்துவர், ஒருவரின் இரத்தச் சிவப்பணுக்களை மற்றொருவரின் இரத்தத் தெளிநீரோடு கலந்து பார்த்தார். சில கலவைகளில் ஒன்றும் நடக்கவில்லை. சிலவற்றில் அணுக்கள் திட்டுத் திட்டாகத் திரண்டன. தெளிநீரில் இருந்த எதிர்ப்பொருள்கள் அணுக்களைப் பிடித்து ஒன்றோடொன்று கட்டிப்போட்டதே அதற்குக் காரணம். 1901ஆம் ஆண்டில் அவர் இதை வெளியிட்டார். இரத்தப் பிரிவுகளை நாம் அறிந்தது இப்படித்தான். 1930ஆம் ஆண்டில் இதற்காக அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இன்றும் உங்கள் இரத்தம் எந்தப் பிரிவு என்று பார்ப்பது இந்தத் திரளலை வைத்துத்தான்.

பால்மரம் வெட்டியவர்களுக்குத் திரளல் புதிதன்று. தொட்டியில் ஊற்றிய பாலில் அமிலம் கலந்தால் சற்று நேரத்தில் அது திரண்டு கட்டியாகும். அங்கே நடக்கும் வேதியியல் வேறு. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் கட்டியாவது இரண்டுக்கும் பொது.

நேயர்களே, ஒட்டியதா இல்லையா என்று பார்ப்பது ஒன்று. எவ்வளவு வலுவாக ஒட்டியது என்று அளப்பது வேறொன்று. இதை விளங்கிக்கொள்ளக் கோயில் திருவிழாப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் 100 இலைகள் போட்டிருக்கிறார்கள். மக்கள் வருகிறார்கள், உட்காருகிறார்கள், எழுந்து போகிறார்கள், வேறு சிலர் வந்து உட்காருகிறார்கள். மூலக்கூறுகளும் இப்படித்தான். ஒட்டியது என்றால் நிரந்தரமாக ஒட்டிவிட்டது என்று பொருளன்று. ஒட்டும், பிரியும், மறுபடியும் ஒட்டும். எந்த நேரத்தில் பார்த்தாலும் எத்தனை இலைகளில் ஆள் இருக்கும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, வெளியே எவ்வளவு கூட்டம் காத்திருக்கிறது. மற்றொன்று, உட்கார்ந்தவர் எவ்வளவு நேரம் எழாமல் இருக்கிறார்.

சரிபாதி, அதாவது 50 இலைகள் நிறைந்திருக்க வெளியே எவ்வளவு கூட்டம் தேவைப்படுகிறது? இந்தக் கேள்விக்கு விடையாகக் கிடைக்கும் அளவைத்தான் விஞ்ஞானிகள் பிரிகை மாறிலி என்கிறார்கள். சிறு கூட்டமே பாதிப் பந்தியை நிறைத்துவிடுமானால் ஒட்டுதல் வலுவானது. பெருங்கூட்டம் இருந்தால்தான் பாதி நிறையும் என்றால் ஒட்டுதல் தளர்வானது.

இந்த வலிமை உயிரோடு விளையாடும் விஷயம். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் உயிர்வாயுவைப் பிடித்து உடலெங்கும் கொண்டுசெல்கிறது. ஜெனரேட்டர் புகையிலும் அடைத்த அறையில் எரியும் கரியடுப்பிலும் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயு, அதே ஹீமோகுளோபினை உயிர்வாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பிடித்துக்கொள்கிறது. ஆகவேதான் கொஞ்ச வாயுவே ஆளைக் கொன்றுவிடுகிறது. மழைக்காலத்தில் ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள்.

சரி, ஒட்டியது எவ்வளவு, ஒட்டாதது எவ்வளவு என்று பிரித்தறிவது எப்படி? தாய்மார்கள் தேங்காய்ப்பாலைத் துணியில் வடிகட்டுவீர்கள். பால் வெளியே வரும், சக்கை உள்ளே நிற்கும். அதுபோலவே நுண்ணிய துளைகள் கொண்ட மெல்லிய பை ஒன்றை ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்துகிறார்கள். பெரிய புரதத்தைப் பைக்குள் இட்டுக் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பையை, ஒரு சிறிய மருந்துப்பொருள் கரைந்த நீரில் போடுகிறார்கள். புரதம் வெளியே வர முடியாது. சிறிய மருந்து மட்டும் உள்ளேயும் வெளியேயும் போய்வரும். பல மணி நேரம் சென்றபின், ஒட்டாமல் இருக்கும் மருந்து இருபுறமும் ஒரே செறிவில் இருக்கும். பைக்குள் அதைவிட எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அவ்வளவும் புரதத்தோடு ஒட்டியது. எளிய கழித்தல் கணக்குதான்.

இனி, இந்தக் கணக்கை வைத்து மருத்துவத்தையே மாற்றிய ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் சற்றுக் கவனமாகக் கேளுங்கள்.

ரோசலின் யாலோ 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். அவருடைய தாய், தந்தை இருவருக்கும் உயர்நிலைப்பள்ளிப் படிப்புக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. சிறுமி ரோசலின் அண்ணனோடு பொது நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்களை மாற்றி எடுத்துவந்து படித்தார். பௌதிகம் படிக்க ஆசைப்பட்டபோது, பெண்ணுக்கு அதில் இடம் கிடைப்பது அரிது என்பதால் சுருக்கெழுத்துக் கற்றுச் செயலாளர் வேலை பார்க்கும் நிலையும் வந்தது. 1941ஆம் ஆண்டில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அங்கே பொறியியல் கல்லூரியின் 400 பேர் கொண்ட ஆசிரியர் குழுவில் அவர் ஒருவரே பெண்.

பின்னர் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், துப்புரவுச் சாமான்கள் வைத்திருந்த ஒரு சிற்றறையை ஆய்வுக்கூடமாக்கி வேலையைத் தொடங்கினார். 1950ஆம் ஆண்டில் சாலமன் பெர்சன் என்ற மருத்துவர் அவரோடு சேர்ந்தார்.

அந்நாளில், பெரியவர்களுக்கு வரும் இனிப்புநீர் நோய்க்குக் காரணம் அவர்கள் உடல் இன்சுலினை மிக விரைவாக அழித்துவிடுவதே என்று ஒரு கருத்து இருந்தது. இதைச் சோதிக்க இருவரும் இன்சுலினில் கதிரியக்க அயோடினை இணைத்தார்கள். ஆட்டுக் கழுத்தில் மணி கட்டுவதுபோல இது. ஆடு எங்கே போனாலும் மணி காட்டிக்கொடுத்துவிடும். அந்த இன்சுலினை ஊசியின் மூலம் செலுத்தி, இரத்தத்தில் அது எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்த்தார்கள்.

எதிர்பார்த்ததற்கு மாறாக, முன்னமே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் இரத்தத்தில் அது விரைவாக மறையவில்லை. நீண்ட நேரம் தங்கியது. இனிப்புநீர் நோயே இல்லாமல், மனநோய்ச் சிகிச்சைக்காக இன்சுலின் பெற்ற ஒருவருக்கும் அப்படியே இருந்தது. ஆகவே காரணம் நோயன்று, முன்பு போட்ட ஊசிதான் என்பது புலனாயிற்று. அக்காலத்து இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கியிருந்தது. அந்த எதிர்ப்பொருள் புதிதாக வந்த இன்சுலினைப் பிடித்து வைத்துக்கொண்டது.

இதை எப்படி உறுதிசெய்தார்கள்? ஒரு காகிதத் துண்டில் இரத்தத் தெளிநீரை இட்டு மின்சாரம் செலுத்தினார்கள். ஒட்டாத இன்சுலின் இட்ட இடத்திலேயே காகிதத்தில் படிந்து நின்றுவிட்டது. எதிர்ப்பொருளோடு ஒட்டிய இன்சுலின் அதனோடு சேர்ந்து நகர்ந்துபோனது. ஒட்டியது ஓரிடம், ஒட்டாதது வேறிடம் என்று பிரிந்தது.

இன்சுலின் போன்ற சிறிய புரதத்துக்கு உடல் எதிர்ப்பொருள் உண்டாக்காது என்பது அன்றைய அறிஞர் பலரின் நம்பிக்கை. ஆகவே இவர்களுடைய கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலைப்பிலிருந்து எதிர்ப்பொருள் என்ற சொல்லை எடுத்த பிறகுதான் 1956ஆம் ஆண்டில் அது அச்சேறியது. அந்த மறுப்புக் கடிதத்தை யாலோ அம்மையார் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து, நோபெல் பரிசு உரையில் எல்லாருக்கும் காட்டினார்.

அடுத்துத்தான் அவர்களுடைய பெரிய யோசனை பிறந்தது. மறுபடியும் பந்திக்கு வருவோம். 100 இலைகள். மஞ்சள் சட்டை போட்ட நம் தோட்டத்தார் ஒரு குறிப்பிட்ட தொகையினர் வந்திருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்தாரும் சாதாரண உடையில் வருகிறார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. இலைகளோ கூடாது, குறையாது. பக்கத்துத் தோட்டத்தார் அதிகம் வந்தால் மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு இடம் குறையும். குறைவாக வந்தால் இடம் கூடும். ஆகவே உட்கார்ந்திருக்கும் மஞ்சள் சட்டைகளை மட்டும் எண்ணினால் போதும், பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டுவிடலாம்.

இங்கே இலை என்பது எதிர்ப்பொருள். மஞ்சள் சட்டை கதிரியக்க இன்சுலின். பக்கத்துத் தோட்டத்தார் நோயாளியின் சொந்த இன்சுலின். வெறும் வயிற்றில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத் தெளிநீரில் இருக்கும் இன்சுலின், ஒரு கிராமை 100 கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை இந்த முறையால் அளக்க முடிந்தது. 1960ஆம் ஆண்டில் இதன் முழு விளக்கத்தையும் வெளியிட்டார்கள். காப்புரிமை எதுவும் கோரவில்லை. பெர்சன் 1972ஆம் ஆண்டில் காலமானார். 1977ஆம் ஆண்டில் யாலோ அம்மையாருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. மருத்துவத்துக்கான அப்பரிசைப் பெற்ற இரண்டாவது பெண்மணி அவர். நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்துத் தைராய்டு குறைபாடு உண்டா என்று பார்க்கிறார்களே, அந்தச் சோதனையும் இந்த வழியில் வந்ததுதான்.

கதிரியக்கப் பொருளைக் கையாளத் தனி வசதியும் பாதுகாப்பும் வேண்டும். 1971ஆம் ஆண்டில் சுவீடனில் எவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் என்ற இருவர் கதிரியக்கத்துக்குப் பதிலாக நிறத்தை உண்டாக்கும் நொதியை இணைத்தார்கள். அதே காலத்தில் நெதர்லாந்திலும் இத்தகைய முறை உருவானது. ஒட்டியிருந்தால் நிறம் வரும், நிறம் எவ்வளவு அடர்த்தியோ அதை வைத்து அளவைச் சொல்லலாம். 1990ஆம் ஆண்டில் சுவீடனிலிருந்தே வேறொரு கருவி வந்தது. மெல்லிய பொன் தகட்டின் ஒரு பக்கத்தில் மூலக்கூறுகளை ஒட்டவிட்டு, மறுபக்கத்தில் படும் ஒளி திரும்பும் விதத்தைப் பார்ப்பது அதன் முறை. மணியும் வேண்டாம், சட்டையும் வேண்டாம். ஒட்டும் வேகத்தையும் பிரியும் வேகத்தையும் நேரடியாகவே காணலாம். ஒட்டும்போது வெளிப்படும் அல்லது உறிஞ்சப்படும் மிகச் சிறிய வெப்பத்தை அளந்து வலிமையைக் கணக்கிடும் கருவியும் உண்டு. புதிய மருந்து ஒன்று உடலில் தக்க இடத்தில் ஒட்டுமா என்று இன்று இவற்றால் பார்க்கிறார்கள்.

நேயர்களே, இப்போது அந்தப் பையனின் அட்டைக்குத் திரும்புவோம்.

டிங்கிக் கிருமி உடலில் பெருகும்போது என்.எஸ். 1 என்ற புரதம் இரத்தத்தில் கலக்கிறது. அட்டையில் விட்ட இரத்தம் காகிதத்தில் ஊறிச் செல்லும் வழியில், நுண்ணிய பொன் துகள் கட்டிய எதிர்ப்பொருள் காத்திருந்து அந்தப் புரதத்தைப் பிடிக்கிறது. அவ்வளவு நுண்ணிய பொன் துகள் சிவப்பாகத் தெரியும். இரண்டும் சேர்ந்து நகரும்போது, கோட்டில் பதித்துவைத்த மற்றோர் எதிர்ப்பொருள் பிடித்து நிறுத்துகிறது. துகள்கள் அங்கே குவிந்து கோடாகத் தெரிகின்றன. மற்றக் கோடு, அட்டை சரியாக வேலை செய்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. அந்தச் சாட்சிக் கோடே விழாவிட்டால் அட்டை கெட்டது, சோதனை செல்லாது.

இனி டிரெசர் சொன்ன காரணம் விளங்கும். முன்பு டிங்கி கண்டவரின் உடலுக்கு அக்கிருமி நினைவிருக்கும். மறுபடியும் வந்தால் எதிர்ப்பொருள்களை விரைவாகவும் ஏராளமாகவும் உண்டாக்கிவிடும். அவை என்.எஸ். 1 புரதத்தை இரத்தத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பந்தியில் வேறொருவர் முந்திக்கொண்ட மாதிரி, அட்டையில் இருக்கும் எதிர்ப்பொருளுக்குப் பிடிக்க இடம் கிடைக்காது. கோடு விழாது. யாலோ அம்மையார் கண்ட அதே செய்திதான் இது. முன்பு போட்ட ஊசி இன்சுலினைப் பிடித்து வைத்தது, முன்பு வந்த காய்ச்சல் இந்தப் புரதத்தைப் பிடித்து வைத்தது. புரதம் இல்லாமல் போகவில்லை, ஒட்டிக் கிடந்தது. அட்டைக்கு அகப்பட்டது ஒட்டாதது மட்டுமே.

அதுமட்டுமன்று. டிங்கி இரண்டாம் முறை வரும்போதுதான் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். எவருக்குக் கோடு விழாமல் போகக்கூடுமோ அவருக்குத்தான் ஆபத்தும் கூடுதல். இதை அறியாமல்தான் நான் "பயமில்லை" என்று சொன்னேன்.

ஆகவே தாய்மார்களே, தந்தையரே, இவற்றை நினைவில் வையுங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். என்.எஸ். 1 புரதம் முதல் சில நாட்களில்தான் நன்றாகத் தெரியும். ஐந்து நாட்களுக்குப் பின் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை தேவைப்படும். எத்தனையாவது நாள் என்று தெரிந்தால்தான் எதைத் தேடுவது என்று டாக்டர் முடிவு செய்ய முடியும். முன்பு டிங்கி வந்திருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மறுநாள் வரச் சொன்னால், ஒரு கோடு விழுந்தாலும் கட்டாயம் போங்கள். இரத்தத்தட்டுக்கள் குறைகின்றனவா, இரத்தம் கெட்டியாகிறதா என்பதை அந்த மறுசோதனைதான் காட்டும்.

காய்ச்சல் இறங்கும் நாளில் இன்னும் விழிப்பாக இருங்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவுமீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள்.

அன்று அந்தத் தாயார் என்னைக் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு நாள் சம்பளம் போவது சிறிய விஷயமன்று. இன்று அவர் கேட்டால் நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்: "போய் வாங்கம்மா. அந்த ஒரு கோடு நோய் இல்லைன்னு சொல்லலே. அட்டை கையிலே ஒண்ணும் அகப்படலைன்னுதான் சொல்லுது."